விபரம் எடுக்க வந்தவர்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் பெருமழையோ புயலோ அடித்த சில மணி நேரத்தில் வரும் செய்தி எப்போதும் ஒரே அச்சில் இருக்கும்: இத்தனை குடும்பங்களைச் சேர்ந்த இத்தனை பேர் பாதிப்பு. கிராம அலுவலர் பிரதேச செயலகத்துக்குச் சொல்வார். அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் போகும். மாலைக்குள் கொழும்பில் அது ஓர் அட்டவணையாகிவிடும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த இந்த ஒழுங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கிராமப் பிரிவிலும் எண்ணிச் சொல்ல ஒரு அரச அலுவலர் இருப்பது பெரிய பலம். ஆனால் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, இன்று இரவு எத்தனை பேருக்குச் சோறு வேண்டும் என்று கேட்டால் பதில் கிடைக்காது. வேலி சரிந்த வீட்டுக்காரரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். கூரை வரை தண்ணீர் ஏறி, பிள்ளைகளைப் பள்ளிக்கூட மேசையில் படுக்க வைத்திருப்பவரும் அதே கணக்கில்தான் இருக்கிறார்.

நிவாரண வேலையில் தரவுப் பக்கத்தில் இருப்பவர்களில் நானும் ஒருத்தி. அவசர நிலையில் தரவு எடுப்பது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நீண்ட படிவம்தான். முதல் மூன்று நாளைப் பொறுத்தவரை நான் நம்புவது வேறு. ஒரு கேள்வியைக் கேட்கும் முன், அதற்குக் கிடைக்கும் பதில் நாளைக் காலை எந்த முடிவை மாற்றும் என்று கேட்பவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். அதைவிட முக்கியம், கிடைத்த எண் தோராயம் என்றால் தோராயம் என்று எழுதி, எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்து, உடனே வெளியே விட வேண்டும். முழுதாக உறுதியாகும் வரை எண்ணைக் கையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை வன்னி பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2018 டிசெம்பர் 21 இரவு மழையைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை எல்லாம் வெள்ளம். மார்கழி விடுமுறையில் பூட்டிக் கிடந்த பாடசாலைகள் நலன்புரி நிலையங்களாகின. இப்படியான நேரத்தில் என்ன எண் வேண்டும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பாடசாலையில் ஆயிரம் பேர் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிவாரண வேலையில் உலகம் முழுக்கப் பாவிக்கும் ஸ்பியர் கையேடு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் என்கிறது. அப்படியானால் 15,000 லீற்றர். பிரதேச சபையின் பவுசர் 5,000 லீற்றர் கொள்ளும் என்றால் மூன்று நடை. தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம், கொஞ்ச நாளில் 20 பேருக்கு ஒன்று. அதாவது முதலில் இருபது, பிறகு ஐம்பது. 20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஏறத்தாழ 37 சதுர மீற்றர். ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் என்று பார்த்தால் அதில் பத்துப் பேர் படுக்கலாம். உண்மையில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய விபரம் சொற்பம். இரவு எத்தனை பேர் தங்குகிறார்கள், பாவிக்கக்கூடிய நிலையில் எத்தனை மலசலகூடம் இருக்கிறது, கிணற்றுக்குள் வெள்ளம் போனதா, பவுசர் வரக்கூடிய பாதை திறந்திருக்கிறதா. அவ்வளவுதான். மலசலகூடங்களை எண்ணும்போது கதவை எண்ணிவிட்டு வரக் கூடாது. குழிக்குள் வெள்ளம் ஏறியிருந்தால் கதவு பத்து இருந்தும் பிரயோசனம் இல்லை. திறந்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கிணற்றுத் தண்ணீருக்கு ஆய்வுகூட அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளம் உள்ளே போயிருந்தால் கெட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு குளோரின் போட வேண்டியதுதான்.

தலைக்கணக்கு லேசான வேலை போலத் தெரியும். அதில்தான் பெரிய பிசகு வரும். பகலில் ஆண்கள் வீட்டையும் மாட்டையும் பார்க்கப் போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்தால் பெண்கள் வீடு கழுவப் போவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடசாலையில் தங்காதவர்களும் வருவார்கள், அவர்கள் வீட்டில் அடுப்பு நனைந்து கிடக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு எண்ணினால் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு எண்ணினால் வேறொன்று. இரண்டுமே சரியான எண்கள்தான். சாப்பாட்டுக்கு மதிய எண், பாய்க்கும் மலசலகூடத்துக்கும் இரவு எண். எந்த நேரத்து எண் என்று எழுதாமல் அனுப்பினால், மேலே இருப்பவர்கள் இரண்டையும் பார்த்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவார்கள். பழி ஊர்ச் சனத்தின் மேல் விழும்.

அந்த டிசெம்பரில் நான் நின்ற ஒரு பாடசாலையில் ஒரு அம்மா கையில் பேனையோடு வந்த எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, காலமை வந்தவையும் இதைத்தான் கேட்டு எழுதிக்கொண்டு போனவை. எத்தினை பேருக்குத்தான் சொல்லுறது? எழுதுறியள், போறியள். என்ன நடந்ததெண்டு ஆரும் திரும்பி வந்து சொல்லேல்லை." அவர் கோபத்தில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னார்.

அதே பாடசாலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஒரு வேலை செய்தார்கள். எட்டாம் வகுப்பின் கரும்பலகையை மண்டப வாசலுக்குத் தூக்கி வந்து சாய்த்து வைத்தார்கள். இடப்பக்கம் இரவு தங்கியவர்கள், கைக்குழந்தைகள், ஐந்து வயதுக்குக் கீழ், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், நாளாந்தம் மருந்து எடுப்பவர்கள், எழுந்து நடக்க இயலாதவர்கள். வலப்பக்கம் இரண்டு நிரல்: 'வந்தது', 'தருவதாகச் சொன்னது'. இரண்டாவது நிரலில் யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதும் இருந்தது. எங்கள் நிறுவனத்தின் பெயரும் அதில் இருந்தது, நாங்கள் சொன்ன தறப்பாள் எண்ணிக்கையோடு. காலையும் மாலையும் எண்ணை அழித்து எழுதியதால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. புதிதாக வந்த குழுக்கள் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போயின. தாய்மாரிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் வந்து, "தங்கச்சி, என்ரை மருமகளைச் சேர்க்கேல்லை, அவளுக்கு எட்டு மாதம்" என்று சொல்ல, கர்ப்பிணிகளின் எண் அப்போதே ஒன்றால் கூடியது.

ஒரு தரவு முறைக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பலகையில் இருந்தது என்று நான் மனதாரச் சொல்வேன். எண் யாருடையதோ அவர்களுக்கு முன்னாலேயே இருந்தது. பிழை என்றால் அவர்களே திருத்தினார்கள். சொன்னதைச் செய்தோமா என்று எங்களையும் அது கேட்டது. கைபேசியில் விபரம் பதியும் 'கோபோ' செயலியின் படிவம் நல்ல கருவிதான், நானும் பாவிக்கிறேன். ஆனால் அதில் விழும் எண் கண்காணாத இடத்துக்குப் போய்விடுகிறது. கைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் போய், ஜெனரேற்றரில் டீசலும் முடிந்தால் அந்த எண் போவதும் இல்லை.

ஒரே விபரத்தைப் பலர் எடுத்து ஒருவரும் பயன்படுத்தாமல் விடுவது புதிய கதை அல்ல. 2004 டிசெம்பர் 26 சுனாமி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 3,000 பேரைக் கொண்டுபோனது. அதன் பிறகு இலங்கைக் கரையோரம் முழுக்க மதிப்பீட்டுக் குழுக்கள் நடமாடின. 2006இல் சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணி வெளியிட்ட அறிக்கைகளில் ஒன்று, தேவைகள் எப்படி மதிப்பிடப்பட்டன என்பதை மட்டும் ஆராய்ந்தது. மதிப்பீடுகள் ஏராளமாக நடந்தும், என்ன உதவி எங்கே போவது என்ற முடிவுகளை அவை பெரிதாக மாற்றவில்லை என்பதே அதன் சாரம்.

கிணறுகள் விடயத்தில் இதன் தீங்கு கண்ணுக்கே தெரிந்தது. கரையோர மணலில் நல்ல தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது. கடல் புகுந்த கிணற்றைச் சுத்தம் செய்ய இறைப்பது தேவைதான். ஆனால் வேகமாகவும் அடிக்கடியும் இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கிழக்குக் கரையில் இதை ஆய்வு செய்தவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். ஒரு குழு இறைத்துவிட்டுப் போன கிணற்றை மற்றக் குழு வந்து மறுபடி இறைத்தது, முதல் குழு வந்தது அதற்குத் தெரியாது. கிணற்றுக் கட்டில் பெயின்ற்றால் ஒரு திகதி எழுதியிருந்தால் போதும். அதுவும் தரவுதான், யாருக்கு எந்த இடத்தில் வேண்டுமோ அங்கேயே இருக்கும் தரவு.

இனி 2009, யுத்தம் முடிந்த ஆண்டு. வன்னியில் எண்ணைப் பற்றிப் பேசுபவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

1981க்குப் பிறகு 2012 வரை இந்த நிலத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 1991இல் நாட்டிலேயே நடக்கவில்லை. 2001இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடுபட்டன. 1981இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகக்கூட இருக்கவில்லை, 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. முப்பது வருட யுத்தமும் இடப்பெயர்வும், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த சனமும், எதுவும் குடிசனக் கணக்கில் ஏறவில்லை. வன்னியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அப்போது ஆதாரமாக இருந்தவை கச்சேரிகளின், அதாவது மாவட்டச் செயலகங்களின், பதிவும் பங்கீட்டு அட்டைகளும்தான். அந்தப் பதிவை ஏற்க மறுத்தால் அடுத்ததாகக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

2009 பெப்ரவரியில் மோதல் பகுதிக்குள் ஏறத்தாழ 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது அரசாங்கம். உள்ளே கடமையில் இருந்த அரச அதிகாரிகளின் கணக்கு ஏறத்தாழ 330,000. ஐந்தில் ஒரு பங்குச் சனத்துக்குப் பருப்பும் மாவும் மருந்தும் அனுப்பினால் மிச்சச் சனம் என்ன செய்யும்? உதவியைத் தடுப்பதற்காக வேண்டுமென்றே எண்ணிக்கை குறைத்துச் சொல்லப்பட்டது என்று 2011இல் வந்த ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் உட்பட முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே ஏறத்தாழ 290,000 பேர். விதானைமார் எனப்படும் கிராம அலுவலர்களும் பிரதேச செயலகங்களும் ஷெல்லுக்கு நடுவில் போட்ட கணக்குத்தான் உண்மைக்கு அருகில் இருந்தது.

இன்னொரு எண்ணும் உண்டு. உள்ளே இருந்தவர்களிடமிருந்து கிடைத்த தகவல்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, கொழும்பில் ஐநா அலுவலர்கள் உயிரிழப்பை எண்ணிக்கொண்டு வந்தார்கள். 2008 ஒகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டார்கள், 18,479 பேர் காயமடைந்தார்கள் என்பது அவர்களின் கணக்கு. கிடைத்த மட்டுக்குமான எண் அது. இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்று பிறகு நிபுணர் குழு சொன்னது. ஆனால் அந்தக் கணக்கு, இருந்தபடியே, நடந்துகொண்டிருந்த நேரத்தில் முறையாக வெளியிடப்படவில்லை. உறுதிப்படுத்த முடியாது என்பது காரணம். 2012 நவம்பரில் வந்த ஐநாவின் உள்ளக மீளாய்வு இதைக் கடுமையாகவே விமர்சித்தது.

எனக்கு இதில் ஆறாத ஒன்று இருக்கிறது. முறை நன்றாகத்தான் இருந்தது. குறைந்தபட்சம் இத்தனை பேர், இதற்கு மேலும் இருக்கலாம், இப்படி எண்ணினோம் என்று மூன்று வசனத்தில் சொல்லியிருக்கலாம். கேட்பவர் தன் மனதில் எடை போட்டிருப்பார். சொல்லாமல் விட்ட எண்ணை யாரும் எடை போடவில்லை.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 ஜூலை வரை வெளியே வந்து சேர்ந்தவர்களாகப் பதிவானவர்கள் 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். நிவாரணம் கொடுப்பதற்காக எழுதிய ஒரு பதிவு, பிறகு காணாமல் போனவர்களுக்காகக் கேள்வி கேட்டது. கச்சேரியில் அந்தப் பதிவை விடாமல் எழுதிய எழுதுவினைஞர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இந்த ஊரில் பதிவு என்றால் சனம் கொஞ்சம் தயங்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் கொடுத்து வரிசையில் நின்று, அதற்குப் பிறகு திரும்பி வராத பிள்ளைகளின் தாய்மார் இன்றும் வீதியில் இருக்கிறார்கள். வெள்ளத்தில் நனைந்து வந்தவரிடம் கைபேசியை நீட்டி, அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள் அண்ணை என்று கேட்கும் இளம் அலுவலருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று நாளுக்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம். உலர் உணவு குடும்பம் குடும்பமாகப் பங்கிடும் கட்டத்தில்தான் பெயர்ப் பட்டியல் தேவைப்படும். அதுவும் கிராம அலுவலரிடம் ஏற்கனவே இருக்கிறது. புதிதாகப் பெயர் எழுதுவதென்றால், இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும். 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

ஆனால் கிராம அலுவலரின் பட்டியலிலும் எல்லோரும் இருக்க மாட்டார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் காணி உறுதி இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீடு இடிந்ததற்கு இழப்பீடு என்றதும் உறுதி கேட்பார்கள். கடற்கரை வாடிகளில் தங்கித் தொழில் செய்பவர்களின் பதிவு வேறு ஊரில் இருக்கும். வெள்ளம் வந்ததும் நலன்புரி நிலையத்துக்குப் போகாமல் மாமி வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் போனவர்கள் எந்த நிலையத்துக் கணக்கிலும் வர மாட்டார்கள். இரண்டு குடும்பம் இருந்த வீட்டில் ஐந்து குடும்பம் இருக்கும், அரிசி இரண்டு குடும்பத்துக்குத்தான். கழுத்துக்குக் கீழ் இயங்காமல் கட்டிலில் இருப்பவரை வெள்ளத்தில் தூக்கி வர வழியில்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் உண்டு. யுத்தம் முடிந்த நிலத்தில் இப்படி எத்தனை வீடுகள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே பாடசாலைக்குள் எண்ணி முடித்ததும் அங்கே இருப்பவர்களிடமே கேட்க வேண்டும்: உங்கள் ஒழுங்கையில் வராமல் நின்றவர் யார்? நான் கேட்ட கேள்விகளில் அதிகம் பலன் தந்தது அதுதான். ஐந்து நிமிடத்தில் ஒரு ஒழுங்கையின் படமே கிடைத்துவிடும்.

சிலர் வராமல் நிற்பதற்குக் காரணம் மாடு. பட்டியை விட்டுவிட்டு வர மனம் வராது. வெளியிலிருந்து வரும் படிவங்களில் மாட்டுக்கு இடமே இருக்காது. ஆனால் மாடு ஏறி நிற்க ஒரு மேட்டுநிலம் எங்கே என்று தெரிந்தால் மனிதரும் பாதுகாப்பாக வந்துவிடுவார்கள். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி இன்னும் முழுமையாக அகற்றி முடியாத நிலம் இருக்கும்போது, தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்பதும் தெரிய வேண்டும், அது வெடியையும் இழுத்துக்கொண்டு போகலாம். வேறு நாட்டு மாதிரிப் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்காது. எங்கள் படிவத்தில் இருக்க வேண்டும்.

பெண்களிடம் பெண்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தட்டிக்கழிக்கிற குழுக்களை இன்னும் காண்கிறேன். மண்டபத்தில் ஆண்களைக் கூட்டி வைத்துக் கேட்டால் அரிசி, தறப்பாள், வயல் என்று வரும். எங்கே குளிக்கிறீர்கள் என்று பெண்களைத் தனியே கேட்டால்தான், கிணறு வெட்டவெளியில் இருப்பதால் மூன்று நாளாக ஒருவரும் குளிக்கவில்லை என்றும், மலசலகூடத்துப் பாதையில் வெளிச்சம் இல்லாததால் பொழுது பட்டபின் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும் தெரிய வரும். நான்கு தடி, ஒரு தறப்பாள், இரண்டு மின்குமிழ். அன்றைக்கே செய்து முடிக்கக்கூடிய வேலை.

தேவைப்படும் விபரத்தில் பெரும்பங்கு வெள்ளம் வருவதற்கு முன்பே ஊரில் இருக்கிறது. கர்ப்பிணிகளின் பதிவு குடும்பநல உத்தியோகத்தரிடம். எந்த வயல் எத்தனை நாள் பயிர் என்பது கமக்காரர் அமைப்பிடம். எந்தக் குளம் எத்தனை அடியில் வான் பாயும், பாய்ந்தால் எந்த வழியாகத் தண்ணீர் போகும் என்பது வயதானவர்களிடம். இரணைமடுவுக்கு 36 அடி என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். இதையெல்லாம் ஒரு இடத்தில் சேர்க்கும் வேலையை வெள்ளம் வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும். பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் ஒக்டோபரில், கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒரு மாலை கூடி ஒரு கொப்பியில் எழுதி முடிக்கலாம். ஒவ்வொரு ஒழுங்கையிலும் எத்தனை பேர், தூக்கி வர வேண்டியவர்கள் எந்த வீட்டில், இன்சுலின் எடுப்பவர்கள் எத்தனை பேர், யாரிடம் உழவு இயந்திரமும் வள்ளமும் இருக்கிறது, மாடு எந்த மேட்டில் நிற்கும், எந்தப் பாடசாலைக் கிணறு மழையில் மூழ்காது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கிராம அலுவலரிடமும் மற்றதைப் பொலித்தீனில் சுற்றிச் சங்கத் தலைவியின் வீட்டிலும் வைத்தால், மழை இறங்கும் இரவில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117க்கு அழைத்துச் சொல்ல முதல் எண் ஊரின் கையிலேயே இருக்கும்.